கோயிலும் கோவிலும்: அச்சுக் கோத்தவரைத் தேடி

(நூலக வாரத்தையொட்டி மதுரையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'இணையத்தில் அப்பாவைத் தேடி' என்று போட்டிருக்கிறார்கள். வாசலில் ஒரு பெரியவர், "ஏம்மா, காணாமப் போனவங்களைக் கண்டுபிடிக்கிற கூட்டமா இது?" என்று கேட்டார். என் அப்பா காலமாகி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அவர் எங்கே போனார் என்று எங்கள் குடும்பத்துக்கு நன்றாகத் தெரியும். காலமெல்லாம் அவர் செய்த வேலை எங்கே போயிற்று என்பதுதான் தெரியாமல் இருந்தது.

அப்பா இந்த ஊர் அச்சகங்களில் கம்பாசிடர். இங்கே இளையவர்கள் நிறைய இருப்பதால் அது என்ன வேலை என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஈயமும் வெள்ளீயமும் ஆண்டிமனியும் கலந்து வார்த்த எழுத்துகள் ஒரு மரப்பெட்டியில் அறை அறையாகக் கிடக்கும். அந்தப் பெட்டிக்குக் கேஸ் என்று பெயர். இடது கையில் ஸ்டிக் என்ற சிறு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் எழுத்தைப் பொறுக்கி அதில் அடுக்க வேண்டும். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இருக்கும். வரியும் தலைகீழாக நிற்கும். அப்படியே படிக்கப் பழகிவிடுவார்கள். டீக்கடையில் எதிர்ப்பெஞ்சில் ஒருவர் மேசைமேல் பேப்பரை விரித்து வைத்திருந்தால், அவர் முதல் செய்தியை முடிப்பதற்குள் அப்பா இந்தப் பக்கமிருந்தே முழுப் பக்கத்தையும் படித்துவிடுவார்.

அடுக்கிய வரிகளைக் கேலி என்ற தட்டுக்கு மாற்றி, நூலால் கட்டி, புரூஃப் போட்டு, திருத்தி, பக்கங்களை இரும்புச் சட்டத்துக்குள் முடுக்கி மெஷினுக்கு அனுப்புவார்கள். அச்சாகி வந்ததும் எழுத்துகளைக் கழுவி, பிரித்து, அந்தந்த அறையில் திரும்பப் போட வேண்டும். சிறிய அச்சகங்களில் ஒரு முழுப் புத்தகத்துக்குக் காணுமளவு எழுத்து இருக்காது. ஒரு ஃபாரம், அதாவது எட்டுப் பக்கமோ பதினாறு பக்கமோ கோத்து, அடித்து, கலைத்துவிட்டு, அதே எழுத்தை வைத்துத்தான் அடுத்த ஃபாரத்தைத் தொடங்குவார்கள். கொத்தனார் மகள் ஒரு வீட்டைக் காட்டி, இது எங்கப்பா கட்டியது என்று சொல்லலாம். கம்பாசிடர் கட்டியதை மறுநாளே அவர் கையாலேயே கலைத்துவிடுவார். மிஞ்சுவது வேறொருவர் பெயர் போட்ட புத்தகம்.

அதனால் அப்பாவின் பெயரைத் தேடுபொறியில் இட்டால் ஒரு பல் மருத்துவர் வருவார், ஒரு வார்டு கவுன்சிலர் வருவார், பாதயாத்திரைக் குழு நடத்தும் ஒருவர் வருவார். கம்பாசிடர் வர மாட்டார். தேடுபொறிக்குப் பெயர் வேண்டும். பெயர் அச்சேறாத மனிதரை அது எங்கிருந்து கொண்டுவரும்? அச்சுக் கோத்தவர், ஒப்புநோக்கியவர், பிளாக் செதுக்கியவர், பாட்டுக்குக் கோரஸ் பாடியவர், பெரிய அதிகாரியின் அறிக்கையைத் தட்டச்சு செய்த அம்மா, எல்லாருக்கும் இதுதான் நிலை. இவர்களைப் பெயரால் தேடிப் பயனில்லை, வேலையின் அடையாளத்தால்தான் தேட முடியும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அது எப்படிச் சாத்தியம் என்பதற்கு முதலில் வேறு ஒரு ஊருக்குப் போய் வரலாம்.

1623இல் லண்டனில் ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் முதன்முதலாக ஒரே பெரிய தொகுப்பாக வந்தன. ஜாகர்ட் என்பவரின் அச்சகத்தில் அச்சானது. ஷேக்ஸ்பியர் அப்போது இறந்து ஏழு ஆண்டு. கையெழுத்துப் படிகள் இன்று இல்லை. ஆக, உலகம் இன்று படிக்கிற பல நாடகங்களில் ஷேக்ஸ்பியருக்கும் நமக்கும் நடுவில் நிற்பவர்கள் அந்த அச்சகத்தின் கம்பாசிடர்கள்தான். அவர்கள் யார்?

1920இல் தாமஸ் சாட்செல் என்பவர் மேக்பத் நாடகத்தை எழுத்தெழுத்தாகப் பார்த்தார். ஒரு பகுதியில் 'டூ', 'கோ' போன்ற சின்னச் சொற்கள் ஒரு விதமாகவும், இன்னொரு பகுதியில் கடைசியில் ஓர் எழுத்துக் கூடுதலாகவும் இருந்தன. எழுதியவர் ஒருவரே என்றால் கோத்தவர்கள் இருவராக இருக்க வேண்டும் என்றார். பிறகு வந்தவர் சார்ல்டன் ஹின்மன். வாஷிங்டனில் ஃபோல்ஜர் நூலகம் என்று ஒன்று உண்டு. அந்தத் தொகுப்பின் 82 பிரதிகளை அங்கே சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஹின்மன் ஒரு கருவியை உருவாக்கினார். இரண்டு பிரதிகளின் ஒரே பக்கத்தை அதில் வைத்துப் பார்த்தால், எங்கே வித்தியாசம் இருக்கிறதோ அந்த இடம் மினுக்கும். அதை வைத்துப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டார். உடைந்த எழுத்து, நசுங்கிய எழுத்து ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்தில் தோன்றி அடுத்து எந்தப் பக்கத்தில் வருகிறது என்று தொடர்ந்தார். எந்த ஃபாரத்துக்குப் பிறகு எந்த ஃபாரம் அடித்தார்கள், எந்தப் பக்கம் யார் கோத்தது என்பதெல்லாம் அதிலிருந்து வெளிவந்தது. 1963இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். ஐந்து கம்பாசிடர்களைப் பிரித்துக் காட்டினார். பெயர் தெரியாததால் ஏ, பி, சி, டி, இ என்று வைத்தார்கள். 'இ' என்பவர் தொழில் பழக வந்த பையன். அவனுக்குப் பிழை அதிகம், அதனாலேயே அவனை அடையாளம் காண்பதும் எளிது. அந்த அச்சகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த ஜான் லீசன் என்ற பையனாக இருக்கலாம் என்று ஹின்மன் கருதினார்.

முந்நூறு ஆண்டுக்குப் பிறகு, உடைந்த எழுத்தையும் சொந்த எழுத்துப் பழக்கத்தையும் வைத்து ஒரு தொழிலாளியை இன்னொருவரிடமிருந்து பிரிக்க முடிந்திருக்கிறது. அது ஷேக்ஸ்பியருக்காகச் செய்த உழைப்பு என்பது எனக்குத் தெரியும். கம்பாசிடர் மேல் யாருக்கும் அக்கறை இல்லை, ஆசிரியர் எழுதியதிலிருந்து அவன் கைப்பிழையை விலக்கத்தான் அவனைக் கண்டுபிடித்தார்கள். எனக்கு அந்தக் கைதான் வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

என் அக்கா மகன் கணினி வேலையில் இருப்பவன். "சித்தி, ஸ்கேன் பண்ணின பழைய புத்தகம் ஆயிரக்கணக்கில் இருக்கு. தாத்தா கோத்தது ஒண்ணாவது இருக்காதா?" என்று அவன்தான் ஆரம்பித்தான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் பலர் ஏற்றியவை இருக்கின்றன. ஈழத்து நூல்களுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் தளம் இருக்கிறது. எல்லாவற்றிலும் ஆசிரியர் பெயரால் தேடலாம், தலைப்பால் தேடலாம். அச்சகத்தின் பெயரால் தேட நாங்கள் பார்த்த இடங்களில் வழியில்லை. ஆகவே மதுரையில் வெளியான சின்னப் புத்தகங்களாக எடுத்து, ஒவ்வொன்றிலும் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் பார்க்கத் தொடங்கினோம். அங்கேதான் அச்சகத்தின் பெயர் இருக்கும்.

அது ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு கதை உண்டு. 1867இல் வெள்ளையர் அரசு அச்சகங்களுக்கும் புத்தகப் பதிவுக்கும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1857 கலகம் முடிந்து பத்தே ஆண்டு. இந்நாட்டில் யார் என்ன அச்சடிக்கிறார்கள் என்று அதற்குத் தெரிந்தாக வேண்டும். அச்சாகிற ஒவ்வொரு புத்தகத்திலும் அச்சிட்டவர் பெயரும் அச்சான இடமும் தெளிவாக இருக்க வேண்டும் என்பது அதன் மூன்றாம் பிரிவு. பதினெட்டாம் பிரிவு, வந்த புத்தகங்களுக்கெல்லாம் பட்டியல் போடச் சொன்னது. தலைப்பு, மொழி, ஆசிரியர், அச்சிட்டவர், பக்கம், அளவு, விலை, எத்தனை பிரதி அடித்தார்கள் என்பது வரை அதில் வரும். கலகக்காரனைப் பிடிக்கப் போட்ட வலையில் பஞ்சாங்கமும் பஜனைப் பாட்டும் அகப்பட்டன. ஆட்சி போன பிறகும் அந்தச் சட்டம் நீடித்தது. நான் அப்பாவைத் தேடிப் போக முடிந்தது அந்தப் போலீஸ் புத்தியின் புண்ணியத்தில்தான். 2023இல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டம் பத்திரிகைகளை மட்டும்தான் கவனிக்கிறது. புத்தகங்களை விட்டுவிட்டது. அரசின் கண்காணிப்பு ஒன்று குறைந்தது என்று மகிழலாம். எனக்கு முழு மகிழ்ச்சி வரவில்லை.

அச்சகம் கிடைத்தால் பாதி வழி. அப்பா வேலை பார்த்த அச்சகங்கள் எவை, ஏறத்தாழ எந்த ஆண்டுகளில் என்பது அம்மாவுக்கு மனப்பாடம். எந்த முதலாளி தீபாவளிக்கு வேட்டி கொடுத்தார், எவர் கொடுக்கவில்லை என்ற கணக்கில் அவருக்கு அது நினைவில் இருந்தது. அதை எழுதி வைத்துக்கொண்டோம். ஆனால் ஓர் அச்சகத்தில் நாலைந்து கம்பாசிடர் இருப்பார்களே?

இங்கேதான் அப்பாவின் பிடிவாதங்கள் உதவின. கையெழுத்துப் பிரதியில் என்ன இருந்தாலும் 'சுவற்றில்' என்பதை அவர் 'சுவரில்' என்றுதான் கோப்பார். 'போய் சேர்ந்தார்' என்று வந்தால் நடுவில் ஒரு 'ச்' போடாமல் அவர் கை நகராது. இதற்காக ஆசிரியர்கள் முதலாளியிடம் புகார் சொல்லியிருக்கிறார்கள். ஒரு புலவர் மட்டும் அவருக்கு ஒரு நன்னூல் வாங்கிக் கொடுத்தாராம். ஒற்று, சந்தி எல்லாம் படித்தவர் எவரும் திருத்தக்கூடியவை, அதை மட்டும் வைத்து ஒரு மனிதரை அடையாளம் சொல்ல முடியாது. அதைவிட உறுதியான அடையாளம் வேறு ஒன்று. அப்பா 'கோயில்' கட்சி. வீட்டுக் கணக்கு நோட்டில், எங்களுக்கு எழுதிய கடிதங்களில், எங்கும் 'கோயில்'தான். அவரோடு நெடுங்காலம் ஒரே அச்சகத்தில் இருந்த இன்னொரு கம்பாசிடர் 'கோவில்' கட்சி. இரண்டும் வழக்கில் உள்ளவை, இரண்டுக்கும் ஆதரவு சொல்ல ஆள் உண்டு. அவர்கள் இருவரும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதற்காகச் சண்டை போடுவார்களாம். அந்தக் 'கோவில்' கட்சிக்காரரை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம்.

இனி அகப்பட்ட புத்தகத்தைச் சொல்கிறேன். ஒரு தலபுராணத்தின் உரைநடைச் சுருக்கம். 1980களின் தொடக்கம். தலபுராணம் என்றால் பக்கத்துக்கு நாலு தடவையாவது அந்தச் சொல் வந்தாக வேண்டும். முதல் பதினாறு பக்கம் முழுக்கக் 'கோயில்'. பதினேழாம் பக்கத்தில் 'கோவில்' ஆரம்பிக்கிறது, முப்பத்திரண்டு வரை மாறவில்லை. முப்பத்து மூன்றில் மறுபடி 'கோயில்'. ஆசிரியர் பதினாறு பக்கத்துக்கு ஒருமுறை மனம் மாறுகிறவராக இருக்க வாய்ப்பில்லை. ஒற்றுகளும் இதற்கு ஒத்து வந்தன. 'கோயில்' ஃபாரங்களில் சந்தி சுத்தம், 'கோவில்' ஃபாரத்தில் கையெழுத்துப் பிரதியில் இருந்தது இருந்தபடி. முதல் ஃபாரத்தில் ஒரு 'ழ' வால் உடைந்து வருகிறது. மூன்றாவது ஃபாரத்தில் அதே 'ழ' அதே உடைப்போடு திரும்ப வருகிறது. கலைத்து, அறையில் போட்டு, மறுபடி எடுத்திருக்கிறார்.

இது நீதிமன்றத்தில் நிற்குமா என்றால் நிற்காது. அந்த அச்சகத்தில் இன்னொரு 'கோயில்' கட்சிக்காரர் இருந்திருக்கலாம். அம்மாவிடம் திரையைக் காட்டி விளக்கியபோது அவர் சாட்சியமெல்லாம் கேட்கவில்லை. "அந்தப் புள்ளையார் பிளாக்கு தேய்ஞ்சு போச்சுன்னு உங்கப்பா ஒரு வாரம் புலம்பினாரு" என்றார். முதல் பக்கத்தில் தும்பிக்கை பாதி மங்கிய ஒரு பிள்ளையார் இருந்தார்.

அதே புத்தகத்தில் இன்னொரு வேடிக்கை. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. ணை, லை, ளை, னை நான்குக்கும் இருந்த தும்பிக்கை வடிவம் போயிற்று. ணா, றா, னா மூன்றும், அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள் ஆறும் சேர்ந்து மொத்தம் 13 எழுத்துகள் மாறின. புதிய வடிவங்கள் பெரியார் 1935இலேயே தம் குடி அரசு இதழில் பயன்படுத்தத் தொடங்கியவை. ஆணை ஒரே நாளில் வரும், எழுத்து ஒரே நாளில் வாங்க முடியுமா? முதலாளிக்குப் பழைய எழுத்தும் எடைக்கு எடை காசு. இந்தப் புத்தகத்தில் ஒரே பத்தியில் பழைய 'லை' இரண்டும் புதிய 'லை' மூன்றும் இருக்கின்றன. புதியது தீர்ந்துபோனதும் பழையதில் கை வைத்திருக்கிறார் என்பது தெரிகிறது.

இதை உங்களிடம் சொல்லக் காரணம் உண்டு. யூனிகோடில் 'லை'க்கு வடிவம் எதுவானாலும் குறியீடு ஒன்றுதான். இந்தப் பக்கத்தை யாராவது தட்டச்சு செய்து ஏற்றினால் பழையதும் புதியதும் ஒன்றாகிவிடும். நல்ல மனதோடு ஒற்றையும் திருத்திவிடுவார்கள், 'கோயில்', 'கோவில்' இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள். ஆசிரியர் பிழைத்துக்கொள்வார், அப்பா அழிந்துபோவார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து தந்த இலக்கியங்களால் பயனடைந்தவள் நான். அந்த உழைப்பை வணங்குகிறேன். ஆனால் இந்தத் தேடலுக்குப் பக்கத்தின் படம்தான் வேண்டும். கறையும் கிழிசலும் ஊதா நிற முத்திரையும் உள்ளபடியே. எழுத்துணரி மென்பொருளும் தும்பிக்கை எழுத்தைக் கண்டால் தடுமாறும். அதனால் சொல் தேடலில் வராத பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமாகக் கண்ணால் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

பெற்றோர் பெயர் அச்சில் வந்த புண்ணியவான்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். உங்கள் பாடு எளிது என்று நினைக்க வேண்டாம். தலைப்பெழுத்து ஒன்றா இரண்டா, சாதிப்பெயர் ஒட்டிய காலமா வெட்டிய காலமா, புனைபெயர் எத்தனை என்று எல்லா வடிவத்தையும் போட்டுப் பாருங்கள். தொண்ணூறுகளிலும் அதற்குப் பின் சில ஆண்டுகளிலும் இணையத்தில் ஏறிய தமிழ் பெரும்பாலும் யூனிகோடில் இல்லை. தஸ்கி, டாப், பாமினி என்று ஆளுக்கொரு எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினிக்கு பாமினியில் அடித்த 'அம்மா' ரோமன் எழுத்துக் குவியல்தான், புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் அரைப்புள்ளி நிற்கும். தமிழில் தேடினால் அது எப்படி அகப்படும்? எழுத்துருமாற்றியில் பெயரைப் போட்டு, வருகிற அந்தக் குவியலையே தேடுபொறியில் இட்டுப் பாருங்கள். அசட்டுத்தனமாகத் தோன்றும், சில சமயம் கிடைக்கும்.

கிடைத்ததும் முதலில் வருவது கோபம். 'எங்களைக் கேட்காமல் யார் ஏற்றியது?' இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு வாரிசுகளுக்கு உரிமை உண்டு. 50ஆக இருந்ததை, தாகூர் நூல்களின் உரிமை முடிந்த நேரத்தில், 1992இல் 60 ஆக்கினார்கள். உரிமையைக் கேளுங்கள், தவறில்லை. ஆனால் உங்கள் வீட்டுப் பரணில் அந்தப் புத்தகம் இல்லையே, ஏற்றியவரிடம் இருந்ததே, அதையும் யோசித்துவிட்டுக் கடிதம் எழுதுங்கள். பாரதியின் எழுத்துகளின் உரிமையை 1949இல் அரசு வாங்கியது, பின்னர் பொதுவாக்கியது. கம்பாசிடர் மகளுக்கு இந்தத் தொல்லையே இல்லை, கோரிப் பெற ஒன்றும் கிடையாது.

அப்பா கோத்ததில் புத்தகம் கொஞ்சம்தான் என்பதையும் சொல்ல வேண்டும். கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கார்டு, சினிமா நோட்டீஸ், தேர்தல் துண்டறிக்கை, கடைப் பில், பள்ளிக்கூடத் தேர்வுத்தாள். ஒரு வாரம் உயிரோடு இருக்கும், அப்புறம் வடை மடிக்கப் போய்விடும். இவற்றையும் பாதுகாக்க வேண்டும் என்று நினைத்த ஒருவர் நம் பக்கத்தில் இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகத்தோடு நாடக நோட்டீஸும் அழைப்பிதழும் துண்டுத்தாளும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு, சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அந்தச் சேகரிப்பை வைத்து 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. துண்டுத்தாளின் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும். தமிழ்நாட்டுக் கம்பாசிடர்களின் சரித்திரம் அந்தக் கடைசி வரியில் இருக்கிறது என்பேன்.

அதனால் இங்கே வந்திருக்கும் நூலகர்களிடமும் ஸ்கேன் செய்யும் இளைஞர்களிடமும் இரண்டு கேட்கிறேன். பைண்டிங் பிரித்து ஸ்கேன் செய்யும்போது அட்டையின் பின்புறத்தையும் விளம்பரத் தாள்களையும் ஒதுக்கிவிடாதீர்கள். பல புத்தகங்களில் அச்சகத்தின் பெயர் அங்கே மட்டும்தான் இருக்கிறது. அடுத்தது, பட்டியலில் அச்சகத்துக்கு ஒரு கட்டம் வையுங்கள். முடியாத காரியம் அல்ல. இங்கிலாந்தில் வாழும் என். செல்வராஜா ஈழத்து நூல்களுக்கு 'நூல்தேட்டம்' என்று தொகுதி தொகுதியாகப் பட்டியல் போட்டு வருகிறார். வெளியிட்டவர் பெயரோடு அச்சகத்தின் பெயரையும் ஊரையும் அடைப்புக்குறிக்குள் தருகிறார். யாழ்ப்பாணத்துக் கம்பாசிடர் மகன் ஒருவன் அதைப் புரட்டினால் ஒரு மாலைக்குள் தன் தகப்பனார் வேலை செய்த அச்சகத்தின் புத்தகங்களைத் திரட்டிவிடலாம். அந்த வசதி மதுரைக்காரிக்கு இல்லை.

நானும் என் அக்கா மகனும், பார்த்த ஸ்கேன்களின் கடைசிப் பக்கங்களிலிருந்து இந்த ஊர் அச்சகங்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் எடுத்து ஒரு பட்டியல் போட்டிருக்கிறோம். தெருப்பெயர் உள்ளவற்றுக்குத் தெருவும் உண்டு. பின்வரிசை மேசையில் தாள்களாக வைத்திருக்கிறேன், பேனாவும் இருக்கிறது. அச்சகத்துக்கு நேராகக் காலியாக ஒரு பத்தி விட்டிருக்கிறோம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அங்கே வேலை பார்த்தவர் இருந்தால் பெயரையும், கம்பாசிடரா மெஷின்மேனா பைண்டரா என்பதையும், நினைவுக்கு எட்டிய ஆண்டையும் எழுதுங்கள். ஆண்டு தெரியாவிட்டால் 'எம்.ஜி.ஆர். ஆட்சியில்' என்று எழுதினாலும் போதும். அவர் கோயிலா கோவிலா என்று தெரிந்தால் அதையும் ஓரத்தில் குறித்துவிடுங்கள். தேநீர் பக்கத்து மேசையில் இருக்கிறது, தாளில் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.